தையல் மெஷின்: டீலரிடமா, தள்ளுபடிக் கடையிலா?

தள்ளுபடிக் கடையில் விலை குறைவு, மறுப்பதற்கில்லை. ஆனால் பெரும்பாலும் மூடிய பெட்டிதான் கைக்கு வரும். வழியில் அடிபட்டு ஹூக் டைமிங் (ஊசியும் அடியில் நூலைப் பிடிக்கும் கொக்கியும் சந்திக்கும் நேரம்) நகர்ந்திருந்தால் தையல் விட்டுவிட்டு விழும். பிறகு மெக்கானிக்கைத் தேட வேண்டியதுதான்.

டீலர் கண்முன்னே ஓட்டிக் காட்டுவார். அவர் எடுத்துவைக்கும் மொடமொடப்பான துணியில் எந்த மெஷினும் அழகாகத்தான் தைக்கும்! சொந்தத் துணி கொண்டுபோங்கள்: காட்டனுக்கு 14ஆம் நம்பர் ஊசி, நான்கு மடிப்பு ஜீன்ஸுக்கு 16. அடிப்பக்கம் நூல் சுருள்சுருளாக வந்தால் பாபின் கேஸ் (அடிநூல் உருளையை வைக்கும் கூடு) ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கிவைத்து மேல்நூலைக் கோர்த்துப் பாருங்கள். இறக்கிவைத்துக் கோர்த்தால் மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு இடையே நூல் உட்காராது.

சர்வீஸ் செய்யாத டீலருக்குக் கூடுதல் விலை வீண். பாபின், பெல்ட் இருப்பில் உண்டா என்று கேட்டுவிட்டே பணம் கொடுங்கள்.