ப்ரீகட் துணி: அந்த ஒரு நூல் எங்கே போகிறது?

குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வை) தைக்கத் தொடங்கியிருக்கும் பக்கத்துத் தெருத் தங்கை, "எந்த பாக்கெட் வாங்கட்டும்க்கா?" என்று கேட்டாள். கம்பெனியே அளவாக வெட்டி பாக்கெட் போட்டு விற்கும் ப்ரீகட் துணியைத்தான் கேட்கிறாள். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இது.

அளவுகள் தெரிந்ததுதான். சார்ம் பேக் 5 இஞ்ச் சதுரம், லேயர் கேக் 10 இஞ்ச் சதுரம், ஜெல்லி ரோல் இரண்டரை இஞ்ச் அகலத்தில் முழுப் பன்னாவுக்கும் (துணியின் அகலம்) ஓடும் பட்டை, ஃபேட் குவார்ட்டர் 18க்கு 22. சதுர பாக்கெட்டுகளில் பெரும்பாலும் 42 துண்டு, ரோலில் 40 பட்டை. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

என் கோபமெல்லாம் ஓரத்தின் மேல்தான். நூல் பிரியாமல் இருக்க ஓரத்தை ஜிக்ஜாக்காக வெட்டி அனுப்புகிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்த 5 இஞ்ச் எங்கிருந்து எங்கே? பல்லின் முனைக்கு முனையா, பள்ளத்துக்குப் பள்ளமா? ஒரு கம்பெனித் துணியில் முனைக்கு முனை சரியாக இருக்கிறது, இன்னொன்றில் பள்ளத்துக்குப் பள்ளம். நான் வாங்கிய பாக்கெட் எதிலும் இதை எழுதியிருக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு நூல் வித்தியாசம், அதாவது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. சுடிதார் தைக்கும்போது ஒரு நூல் கண்ணில்கூடப் படாது. குவில்டில் தையலுக்கு விடுவதே கால் இஞ்ச், அதாவது இரண்டு நூல். வரிசைக்கு 8 சதுரம் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நூல் போனால் வரிசையே ஒரு இஞ்ச் குட்டை. அடுத்த வரிசையோடு மூலை சேராது. இழுத்துச் சேர்த்தால் நடுவில் உப்பிக்கொண்டு நிற்கும். வெட்டுகிற வேலை மிச்சம் என்றுதானே இவ்வளவு விலை கொடுக்கிறோம்? அப்புறம் ஸ்கேலை எடுத்து நாமே அளந்து பார்க்க வேண்டும் என்றால் எரிச்சல் வராதா?

சமாளிக்க வழி உண்டு. தைக்கும் முன் ஒரு சதுரத்தை ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். முனைக்கு முனை 5 வந்தால், மெஷினில் கால் இஞ்ச் கோட்டோடு முனையை ஓட்டுங்கள். பள்ளத்துக்குப் பள்ளம் 5 வந்தால் பள்ளத்தை ஓட்டுங்கள். இரண்டு கம்பெனித் துணியை ஒரே வரிசையில் கலக்க வேண்டாம்.

ஜெல்லி ரோலில் கூடவே பஞ்சுத் தொல்லை. பிரித்தவுடன் ஓரத்திலிருந்து நூல்தூசி உதிர்ந்து சேலை, தரை, மெஷின் எல்லாவற்றிலும் ஒட்டுகிறது. மே மாசத்து ராயபுரத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு உட்காரவும் முடியாது. முன்கூட்டியே அலசலாம் என்றால் பட்டை சுருங்கி ஓரம் பிரிந்துவிடும்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: நிறம். ஒரே தொகுப்பில் வந்த 42 துண்டுகள், எதை எதன் பக்கத்தில் வைத்தாலும் பொருந்துகிறது. கடை கடையாக ஏறினாலும் இந்தப் பொருத்தம் சுலபத்தில் கிடைக்காது. ஒரு சார்ம் பேக்கை 6க்கு 7 என்று வைத்துத் தைத்தால், தையலில் போனது போக 27க்கு முப்பத்தொன்றரை இஞ்ச் வரும். கைக்குழந்தைக்கு அழகான போர்வை. லேயர் கேக் இன்னும் நல்லது. அதே 6க்கு 7 இதில் 57க்கு அறுபத்தாறரை ஆகிறது, ஒரு சதுரத்தை நாலாக வெட்டினால் நாலு சார்ம் துண்டும் கிடைக்கிறது. அதைப் பிரித்துப் பரப்பும்போது எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறது.

இருந்தாலும் முதல் குவில்டுக்கு ப்ரீகட் வேண்டாம். வண்ணாரப்பேட்டையிலோ கோடவுன் தெருவிலோ 44 இஞ்ச் பன்னா காட்டன் வாங்கினால் போதும். அமெரிக்க ஃபேட் குவார்ட்டர் அரை கஜக் கணக்கு, 18 இஞ்ச். நம் அரை மீட்டர் கிட்டத்தட்ட 19.7 இஞ்ச், நடுமடிப்பில் இரண்டாக்கினால் அவர்களுடையதைவிடப் பெரிய இரண்டு ஃபேட் குவார்ட்டர். ஆனால் 5 இஞ்ச் சதுரத்தில் நாலு வரிசை எடுக்க 20 இஞ்ச் வேண்டும். அரை மீட்டரில் அந்த நாலாவது வரிசை மயிரிழையில் தவறிவிடும், 24 சதுரம்தான் தேறும். அதனால் கடையில், "55 சென்டி வெட்டுங்கண்ணா" என்று கேளுங்கள். அலசிக் கொஞ்சம் சுருங்கினாலும் 32 சதுரம் வரும். சாயம் போகிறதா என்றும் அலசும்போதே தெரிந்துவிடும். ஓரமும் நேராக இருக்கும், முனையா பள்ளமா என்ற பேச்சே இல்லை.