காசாஓஎஸ் இருக்கும்போது போர்ட்டெய்னர் தனியாக வேண்டுமா?

பழைய லேப்டாப் ஒன்றில் டெபியன் 12 லினக்ஸ் போட்டு, அதன்மேல் காசாஓஎஸ் வைத்து வீட்டு சர்வராக ஓட்டுகிறேன். சினிமா பார்க்க ஜெல்லிஃபின், விளம்பரத்தைத் தடுக்க பை-ஹோல், வீட்டுப் போட்டோக்களுக்கு இம்மிச். இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது "போர்ட்டெய்னர் போட்டாச்சா?" என்றுதான். ஆப்களைத் தனித்தனிப் பெட்டிகளாக (கன்டெய்னர்) ஓட்டுகிற டாக்கரை, பிரவுசரிலிருந்து பார்த்து நிர்வகிக்கும் கருவி அது. போட்டேன், சில மாதம் இரண்டையும் சேர்த்து ஓட்டினேன், போன மாதம் போர்ட்டெய்னரை எடுத்துவிட்டேன்.

காசாஓஎஸ் என்று பெயர் இருந்தாலும் அது ஆபரேட்டிங் சிஸ்டம் கிடையாது. லினக்ஸ் மேல் உட்காரும் ஒரு முகப்பு, ஜிமாபோர்டு என்ற சின்ன சர்வர் போர்டைச் செய்கிற ஐஸ்வேல் நிறுவனம் ஓப்பன் சோர்ஸாகக் கொடுப்பது. ஆப் ஸ்டோரில் ஒரு பட்டனைத் தட்டினால் போதும், பின்னால் டாக்கர் காம்போஸ் ஃபைல் (கன்டெய்னரை எப்படி ஓட்டுவது என்ற குறிப்பு) தயாராகி கன்டெய்னர் ஓட ஆரம்பித்துவிடும். போர்ட், வால்யூம் (கன்டெய்னருக்குக் கொடுக்கும் ஃபோல்டர்) எல்லாம் செட்டிங்ஸிலேயே மாற்றலாம், லாக் பார்க்கவும் டெர்மினலுக்குள் போகவும் வழி இருக்கிறது. ஐந்தாறு ஆப் ஓடுகிற வீட்டுக்கு இது தாராளம், அடித்துச் சொல்வேன்.

இம்மிச் வந்த பிறகுதான் எனக்கு இன்னொன்று தேவைப்பட்டது. முகப்பில் அது ஒரே ஐகான், உள்ளே சர்வர், மெஷின் லேர்னிங், ரெடிஸ், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்று நாலு கன்டெய்னர். ஒரு நாள் காலையில் ஒரு போட்டோகூடத் திறக்கவில்லை. போர்ட்டெய்னரைத் திறந்தால் நாலும் வரிசையாக நிற்கின்றன, போஸ்ட்கிரெஸ் மட்டும் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருக்கிறது, அதன் லாக்கில் டிஸ்க்கில் இடமில்லை என்று வந்திருக்கிறது. இமேஜ் (போட்டோ இல்லை, கன்டெய்னர் உருவாகும் மூலப் பொதி) பட்டியலில் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மிச்சமான பழையவை 'அன்யூஸ்டு' என்ற முத்திரையோடு குவிந்து கிடந்தன. அழித்தேன், சரியாகிவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் போர்ட்டெய்னர் அருமையான கருவி, அதில் சந்தேகமே இல்லை.

அப்புறம் ஏன் எடுத்தேன்? பார்ப்பதோடு நான் நிறுத்தவில்லை. காசாஓஎஸ் உருவாக்கிய ஸ்டாக்கை, அதாவது ஒரே காம்போஸ் ஃபைலில் வரும் கன்டெய்னர் தொகுப்பைத் திறந்தால், இது வெளியே உருவானது, என் கட்டுப்பாடு குறைவு என்று போர்ட்டெய்னரே எச்சரிக்கிறது. அதைத் தாண்டி ஜெல்லிஃபின் கன்டெய்னரை அங்கேயே எடிட் செய்து ஒரு சினிமா ஃபோல்டரைச் சேர்த்தேன். சில வாரம் கழித்து காசாஓஎஸ்ஸில் வேறு எதையோ மாற்றி சேவ் செய்ததும், அது தன் காம்போஸ் ஃபைலில் உள்ளபடி கன்டெய்னரைப் புதிதாக உருவாக்கிவிட்டது, அந்த ஃபைலுக்கு என் ஃபோல்டர் தெரியாது. போயே போச்சு. இரண்டுமே தன் வேலையைச் சரியாகத்தான் செய்தன, ஒரே கன்டெய்னரை இரண்டு இடத்திலிருந்து தொட்டது என் தவறு. இன்னொரு விஷயம், டாக்கருக்கு உத்தரவு போகிற வழியான டாக்கர் சாக்கெட்டைக் கொடுத்துத்தான் போர்ட்டெய்னரை ஓட்டுகிறோம், அது கிட்டத்தட்ட மெஷின் முழுவதையும் ஆளும் ரூட் சாவி. ஒரே மெஷினுக்கு அப்படி இன்னொரு கதவு எதற்கு?

இப்போது ஸ்டோரில் வருவதெல்லாம் காசாஓஎஸ், நானே காம்போஸ் எழுதுவதெல்லாம் டாக்ஜ் என்ற காம்போஸ் நிர்வாகக் கருவி. அப்டைம் கூமா என்ற கண்காணிப்புக் கருவியைச் செய்த லூயிஸ் லாம் எழுதியது, இதற்கும் அதே சாக்கெட் வேண்டும்தான், ஆனால் ஃபைல்கள் டிஸ்க்கில் சாதாரண ஃபோல்டரில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கும், நாளைக்கே டாக்ஜை நீக்கினாலும் கமாண்ட் லைனில் அப்படியே ஓட்டலாம். பழைய இமேஜ்களை மாதம் ஒரு தடவை எஸ்எஸ்ஹெச்சில் (வேறு கணினியிலிருந்து கமாண்ட் லைனில்) போய் நானே ப்ரூன் செய்து நீக்குகிறேன்.

காசாஓஎஸ் மாதிரியே வீட்டு சர்வருக்கான அம்ப்ரெல் வைத்திருப்பவர்களுக்கு: அதன் ஸ்டோரில் வரும் போர்ட்டெய்னர் தனி டாக்கருக்குள் ஓடுவதால் அம்ப்ரெல் ஆப்கள் அதில் தெரியாது. இதே வகையான யூனோஹோஸ்ட்டில் இந்தக் கேள்வியே கிடையாது, அது டாக்கரையே பயன்படுத்துவதில்லை.

இரண்டு மூன்று மெஷின் வைத்து ஒரே திரையில் பார்க்க நினைப்பவர்கள் போர்ட்டெய்னர் தாராளமாகப் போடலாம். போட்ட ஐந்து நிமிடத்துக்குள் அட்மின் கணக்கைத் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் பூட்டிக்கொள்ளும், கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்துதான் உள்ளே போக முடியும். போர்ட்டெய்னரின் 9443 போர்ட்டை மட்டும் ரவுட்டரில் வெளியே திறந்து வைக்காதீர்கள்.