எதிர்மறை அதிர்வெண்ணைக் கண்ணால் காட்டும் சிறிய ரிசீவர்

ஆர்டிஎல்2832யு சிப் பொருத்திய யுஎஸ்பி ரேடியோ ரிசீவரை நான் வாங்கியது வானொலி கேட்பதற்காக அல்ல. சிக்னல் பிராசசிங் பாடத்தில் நெடுநாள் நெருடிக்கொண்டிருந்த எதிர்மறை அதிர்வெண்ணைத் தெளிந்துகொள்வதற்காக. ஒரு நொடிக்கு எத்தனை முறை என்பதுதான் அதிர்வெண் என்றால், அது பூச்சியத்துக்குக் கீழே எப்படி இறங்கும்? கூடவே வந்த கையேடு, ‘கணித வசதிக்காக’ என்ற ஒரே வரியில் இதைக் கடந்துவிடுகிறது.

கருவியோ அப்படி நழுவுவதில்லை. ஒவ்வொரு கணத்துக்கும் ஐ, கியூ என்று 8 பிட் எண்கள் இரண்டை அது தருகிறது; ஒரே அலையைக் கால் சுற்று இடைவெளியில் அளந்த இரண்டு மதிப்புகள் இவை. நொடிக்கு 24 லட்சம் இணைகள் வீதம் பதிந்தால் ஒரு நொடிக் கோப்பு 48 லட்சம் பைட் வரும். ரிசீவரை 100 மெகாஹெர்ட்ஸில் நிறுத்தி, சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து 100.1 மெகாஹெர்ட்ஸ் அலையைக் கொடுத்து, ஐ, கியூ இரண்டையும் வரைபடத்தாளில் புள்ளிகளாகக் குறித்தேன். ரிசீவர் தான் நிற்கும் 100 மெகாஹெர்ட்ஸைக் கழித்துவிட்டு மீதி 100 கிலோஹெர்ட்ஸை மட்டுமே தருவதால், 24 புள்ளிகளில் ஒரு வட்டம் முடிந்தது. ஓட்டம் இடஞ்சுழியாக இருந்தது. அலையை 99.9-க்கு மாற்றியபோது அதே வட்டம், அதே வேகம், ஆனால் வலஞ்சுழி. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலிமை என்று காட்டும் வரைபடமான ஸ்பெக்ட்ரத்தில் மைனஸ் 100 கிலோஹெர்ட்ஸ் என்று நிற்பது இந்தத் திசைதான்.

பிறகு கியூவை நீக்கிவிட்டுப் பார்த்தேன். வட்டம் நசுங்கி, முன்னும் பின்னும் ஆடும் ஒரு கோடாயிற்று. அந்த ஆட்டத்தைப் பார்த்து, சுழற்சி எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்பெக்ட்ரமும் பிளஸ் 100, மைனஸ் 100 இரண்டிலும் 6 டெசிபெல் குறைந்த, அதாவது வீச்சில் பாதியான, உயரத்தில் ஒவ்வொரு முகட்டைக் காட்டியது. கொசைன் என்பது எதிரெதிராகச் சுழலும் இரண்டு பாதிகளின் கூட்டல் என்ற ஆய்லரின் சமன்பாட்டை நான் உண்மையில் படித்தது அன்றைக்குத்தான் என்பேன்.

குறைகளும் உண்டு. கோப்பிலுள்ள பைட்டுகள் குறியற்றவை (0 முதல் 255 வரை மட்டுமே, மைனஸ் கிடையாது) என்பதால் ஒவ்வொன்றிலிருந்தும் 127.5-ஐக் கழிக்க வேண்டும். கையேடு இதைச் சொல்லாததால், பூச்சியத்தில் எழுந்த பெரிய முகட்டை உண்மையான சிக்னல் என்று நம்பி ஒரு மாலையை வீணாக்கினேன். உடன் தரப்படும் மென்பொருள் அச்சில் 99.9, 100.1 என்றே எழுதுவதால் மைனஸ் குறி கண்ணில் படுவதே இல்லை. எனவே இதைக் கற்பதற்கென்று வாங்குபவர் அந்த மென்பொருளை விட்டுவிட்டு, மூலக்கோப்பைத் தாமே திறந்து பார்ப்பது நல்லது. நிரல் எழுதும் பழக்கம் இல்லாதவருக்கு இந்தக் கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.