மாநாடு எங்கே: சிங்கப்பூரிலா, மார்கழிச் சென்னையிலா?

எங்கள் பொறியாளர் குழுவின் டிசம்பர் மாநாட்டுக்கு இரண்டு ஊர்கள் பேச்சில் இருக்கின்றன. வசதி என்று பார்த்தால் சிங்கப்பூர்தான். சன்டெக் மாநாட்டு மையத்தில் அமர்வு முடிந்ததும் கொஞ்ச தூரம் நடந்தால் எஸ்பிளனேட் கலை மையம். 2002இல் திறந்த அதன் இசையரங்கில் ஏறத்தாழ 1,600 பேர் உட்காரலாம். 1949இல் தொடங்கிய சிஃபாஸ் (சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம்) மாணவர்களை ஒரு மாலைக் கச்சேரிக்கு அழைக்கலாம். விடுதிச் செலவுதான் கையைக் கடிக்கும்.

சென்னைக்கு நாலு மணி நேர விமானம். நந்தம்பாக்கம் வர்த்தக மையத்திலிருந்து கச்சேரிகள் நடக்கும் மயிலாப்பூர் போக, மாலை நெரிசலில் பொறுமை வேண்டும். சரி, ஆனால் யுனெஸ்கோ 2017இல் இசை நகரமாகச் சேர்த்துக்கொண்ட ஊர் அது. மார்கழியில் காலை முதல் இரவு வரை சபாக்களில், அதாவது கச்சேரி நடத்தும் இசை மன்றங்களில், கச்சேரி. பகல் கச்சேரிகள் பலவற்றுக்குக் கட்டணமே இல்லை. பாடகர் ஆலாபனையை எடுத்த நொடியிலேயே பக்கத்து இருக்கைப் பாட்டி ‘கல்யாணி’ என்று ராகத்தின் பெயரை முணுமுணுப்பார். கீர்த்தனை வந்ததும் தொடையில் தாளம் போடுவார். அப்புறம் சபா கேன்டீனில் வாழையிலைச் சாப்பாடு, டபரா காபி. அந்த வரிசையில் நிற்கும்போது புது ஆட்களிடமும் பேச்சு தானாக வந்துவிடும்.

என் வாக்கு சென்னைக்கு. விடுதியை இப்போதே பதிவு செய்ய வேண்டும், அமர்வுகளை மூன்று மணிக்குள் முடித்துவிட வேண்டும்.