கோதுமை கலவாத நோம்பிக்கு ஒரு கல் கிரைண்டர்: 2 லிட்டர் மேசைக் கிரைண்டர் மதிப்புரை

மேசைமேல் வைத்துப் பயன்படுத்தும் 2 லிட்டர் கல் கிரைண்டரைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் இட்லி மாவு எவ்வளவு பொங்குகிறது என்பதோடு நின்றுவிடுகின்றன. எங்கள் தேவை வேறு. அக்கா மகளுக்கு, கோதுமையை அறவே விலக்க வேண்டிய சீலியாக் நோய் இருப்பது உறுதியான பிறகு, தீபாவளி, பொங்கல், மாரியம்மன் நோம்பி (பண்டிகையை எங்கள் பக்கத்தில் நோம்பி என்போம்) என்று உறவினர் அனைவரும் கோபிசெட்டிபாளையத்தில் உள்ள எங்கள் வீட்டில் கூடும் நாட்களில், அவளும் எல்லாரோடும் ஒரே பந்தியில் அமர்ந்து எல்லாரும் உண்பதையே உண்ண வேண்டும் என்பதற்காக இந்தக் கிரைண்டரைத் தனியாக வாங்கினோம். அந்த வேலைக்கு இது எவ்வளவு தகுதியானது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பெயரைவிட அமைப்பே முக்கியம் என்பதால் அதைச் சொல்லிவிடுகிறேன். எஃகுப் பாத்திரம், அதன் அடியில் பதித்த கருங்கல், மேலே மூன்று உருளைக் கற்கள், 150 வாட் மோட்டார், பாத்திரத்தை அப்படியே தூக்கி எடுத்துக் கழுவும் வசதி ஆகியவை இதில் உள்ளன. 1950களின் நடுவில் கோவையில் பி. சபாபதி அறிமுகப்படுத்தியதாகச் சொல்லப்படும் மாவரைக்கும் எந்திரம் இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருளாக வளர்ந்திருக்கிறது. கோவை வட்டாரத்தில் பலர் ஏறத்தாழ இதே அமைப்பில் இதனைச் செய்து விற்கிறார்கள்.

சீலியாக் என்பது வெறும் ஒவ்வாமையன்று. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் உள்ளே சென்றால், உடலின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கிச் சிதைக்கும் நோய் அது. வாழ்நாள் முழுவதும் அந்தப் புரதத்தை விலக்குவது ஒன்றே இன்றுவரை அதற்குரிய மருத்துவம். (இந்த ஐயம் உள்ளவர்கள், இரத்தப் பரிசோதனையும் குடல் திசுப் பரிசோதனையும் முடியும் முன்பே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது, நிறுத்திவிட்டால் பரிசோதனையில் நோய் தெரியாமலே போகலாம்.) வட இந்தியாவோடு ஒப்பிடும்போது தென்னகத்தில் இந்த நோய் மிகக் குறைவாகவே காணப்படுவதால், நம் உறவுகளில் பலர் இதனைக் கேள்விப்பட்டதே இல்லை. "ஒரே ஒரு முறுக்குத்தானே, அதுவும் அரிசி முறுக்குத்தானே, சாப்பிடட்டும் விடுங்க" என்று அன்போடு சொல்பவர்கள் அதனால்தான் இருக்கிறார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அந்த அரிசி முறுக்கிலேயே சிக்கல் இருக்கிறது. நம் ஊர்களில் நோம்பிக்கு முந்தைய வாரம் மாவு மில்லில் தூக்குவாளிகளும் பைகளும் வரிசையாக நிற்கும். மிளகாய்க்கும் மஞ்சளுக்கும் தனி எந்திரம் இருக்கும். பச்சரிசியும் கோதுமையும் கடலைப் பருப்பும் பெரும்பாலும் ஒரே எந்திரத்தில்தான் அரைபடும். முன்னால் ஒருவர் கோதுமை அரைத்திருந்தால், அவருடைய மாவின் மீதி நம் அரிசியோடு கலந்துதான் வெளியே வரும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, குளூட்டன் இல்லாதது என்று விற்கப்படும் உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. கோதுமை மாவின் எடையில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு குளூட்டன் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ அரிசி மாவில் கால் கிராம் கோதுமை மாவு கலந்தாலே அந்த எல்லை எட்டப்பட்டுவிடுகிறது. கால் கிராம் என்பது விரல் நுனியில் ஒட்டும் அளவு. மில்லில் பறக்கும் தூசியே அதற்குப் போதும். மில்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஒரு பிடி அரிசியைப் போட்டு ஓட்டி எந்திரத்தைத் துடைத்துக் கொடுத்தாலும், இந்தக் கணக்கு மாறுவதில்லை.

ஆகவே மில்லுக்கே போகாமல் நோம்பிப் பலகாரம் செய்ய முடியுமா என்பதே எங்கள் கேள்வியாக இருந்தது. முழு அரிசியை வாங்கி, பொறுக்கி, கழுவி, ஊறவைத்து, வீட்டிலேயே கல்லில் அரைத்தால் இடையில் மில் என்ற கண்ணியே இல்லாமற்போகிறது. கொங்கு நாட்டின் பழைய பலகாரங்களில் பெரும்பகுதி உலர்ந்த மாவில் அல்லாமல் ஈரமாக அரைத்த மாவில் செய்யப்படுபவை என்பது இங்கே எங்களுக்குப் பெரும் துணையாக அமைந்தது.

முதலில் சந்தகை. புழுங்கல் அரிசியை நான்கு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் மிகாமல் நைசாக அரைத்து, இட்லியாக வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் இட்டுப் பிழிய வேண்டும். மிக்சியில் அரைத்த மாவில் சந்தகை இழை அங்கங்கே அறுந்து உதிர்கிறது. கல்லில் அரைத்த மாவில் இழை நீண்டு, மென்மையாக, தட்டில் சுருள் குலையாமல் விழுகிறது. மிக்சியின் வேகத்தில் மாவு சூடேறுவதும், அரைபடும் நேரம் குறைவாக இருப்பதும் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று நினைக்கிறேன். தேங்காய்ப் பாலும் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையும் ஊற்றி ஒரு தட்டு, எலுமிச்சை பிழிந்து தாளித்து ஒரு தட்டு, மதியத்துக்கு நாட்டுக்கோழிக் குழம்போடு மற்றொரு தட்டு என்று தீபாவளி நாள் முழுவதையும் சந்தகை ஒன்றே தாங்கிவிடுகிறது. இதில் எங்கும் கோதுமைக்கு இடமில்லை. அந்தக் குழந்தைக்கென்று தனித் தட்டு, தனிச் சட்டி, தனிக் கவலை எதுவும் இல்லாமல், அம்மிச்சி பிழிந்து போடப் போட எல்லாப் பேரப்பிள்ளைகளோடும் அவளும் சாப்பிட்டாள். இந்தக் கிரைண்டருக்குக் கொடுத்த பணம் அந்த ஒரு பந்திக்கே தகும் என்று உறுதியாகச் சொல்வேன்.

முறுக்கும் நன்றாகவே வருகிறது, ஆனால் பொறுமை வேண்டும். புழுங்கல் அரிசியை ஊறவைத்து, காய்ந்த மிளகாயோடு கெட்டியாக அரைத்து, முழுப் பொட்டுக்கடலையை வீட்டு மிக்சியில் பொடித்துச் சலித்துச் சேர்த்து, எள்ளும் ஊத்துக்குளி வெண்ணெயும் கலந்து பிசைந்து பிழிய வேண்டும். தண்ணீரைக் குறைத்து அரைக்கும்போது இந்த மோட்டார் திணறுகிறது. உருளைக் கற்கள் மாவைத் தள்ளிக்கொண்டு சுற்றுகின்றனவே தவிர அரைப்பதில்லை. ஒரு தடவைக்கு அரைக் கிலோ அரிசிக்கு மேல் போடாமல், ஓரத்தில் ஒட்டுவதை அவ்வப்போது மரக்கரண்டியால் வழித்துவிட்டால் சமாளிக்கலாம். கூட்டுக் குடும்பத்துக்கு முறுக்கு சுடுபவர்கள் இதற்கே ஒரு காலைப் பொழுதை ஒதுக்க வேண்டியிருக்கும். கச்சாயத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. ஊறிய பச்சரிசியை அரைத்து, காய்ச்சி வடிகட்டிய வெல்லப் பாகையும் ஏலக்காயையும் சேர்த்து எண்ணெயில் ஊற்றினால் நன்றாக உப்பி வருகிறது. பதம் எளிதாகக் கூடுவதற்காக மைதாவையோ ரவையையோ ஒரு கை சேர்க்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. கல்லில் போதிய நேரம் அரைத்த மாவுக்கு அது தேவைப்படுவதில்லை. உளுந்து வடையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை, இந்தக் கிரைண்டர் பிறந்ததே அதற்காகத்தான்.

கைவிடும் இடங்களும் உண்டு. அதிரசத்துக்கு ஈர அரிசியை உலர்மாவாக இடிக்க வேண்டும்; அது இந்தக் கல்லின் வேலை அன்று. அரிசியைத் துணியில் உலர்த்தி மிக்சியில் பொடித்துச் சலிப்பதே எங்களுக்கு இருந்த வழி. ஒப்பிட்டு எனப்படும் பருப்புப் போளி விஷயத்தில் எந்த எந்திரமும் உதவாது. மைதா மாவு கையில் இழுபட்டுக் கிழியாமல் விரிவதற்குக் காரணமே அந்தக் குளூட்டன் புரதம்தான். அரிசி மாவில் அந்த இழுவை இல்லை. அதற்கு மாற்றாக அதே பருப்புப் பூரணத்தை, ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவை வாணலியில் கிளறி எடுத்த மேல்மாவில் வைத்துக் கொழுக்கட்டையாக வேகவைத்தோம். ஒப்பிட்டு வேண்டும் என்று கேட்ட மாமாவும் அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், ஆனாலும் அது ஒப்பிட்டு ஆகாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தப் பொருளோடு வரும் ஒரு துணைக்கருவியைப் பற்றி எந்தக் கடையிலும் எச்சரிக்க மாட்டார்கள் என்பதால் அழுத்தமாக எழுதுகிறேன். இத்தகைய கிரைண்டர்கள் பலவற்றோடு தேங்காய் துருவியும், சப்பாத்தி மாவு பிசையும் கருவியும் சேர்ந்தே வருகின்றன. வழக்கமான வீட்டுக்கு அது பெரிய வசதி. சீலியாக் உள்ள வீட்டில் அந்தப் பிசையும் கருவியைப் பெட்டியிலிருந்தே எடுக்கக் கூடாது. ஒருமுறை அந்தப் பாத்திரத்தில் கோதுமை மாவு பிசையப்பட்டால், அடிக்கல்லுக்கும் எஃகுக்கும் இடைப்பட்ட விளிம்பிலும், கல்லின் நுண்துளைகளிலும், நடுத்தண்டின் அடியிலும் அது தங்கிவிடும். கல்லை எவ்வளவு தேய்த்தாலும் முழுதும் போய்விட்டது என்று யாராலும் உறுதி கூற முடியாது. இதே காரணத்தால் பழைய கிரைண்டரை வாங்குவதையும், உறவினர் வீட்டிலிருந்து நோம்பிக்கு மட்டும் இரவல் கேட்பதையும் தவிர்க்க வேண்டும். கோதுமையை ஊறவைத்துப் பால் எடுத்து அல்வா கிண்டும் வழக்கம் நம் பக்கத்து வீடுகளில் இருக்கிறது, அந்தக் கோதுமை அரைபட்டது எந்தக் கல்லில் என்று பலருக்கு நினைவிருக்காது. எங்கள் வீட்டில் இந்தப் பாத்திரத்தின் மூடியில் சிவப்பு வண்ணம் பூசி வைத்திருக்கிறோம். நோம்பிக்கு வரும் சித்திகளும் அத்தைகளும் உதவிக்கு வரும்போது, எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பது அவர்களுக்குச் சொல்லாமலே தெரிந்துவிடுகிறது.

பாத்திரம் தூக்கி எடுக்கக்கூடியதாக இருப்பதன் மதிப்பு இங்கேதான் தெரிகிறது. சாய்க்கும் வகைக் கிரைண்டரில் மாவு வழிப்பது எளிது, ஆனால் பெரும்பாலும் பாத்திரம் நிலையாக இருப்பதால் குழாயடிக்குக் கொண்டுபோய் முழுதும் அலச முடியாது. இதில் உருளைக் கற்களைக் கழற்றி, பாத்திரத்தைக் கவிழ்த்து வெயிலில் காயவைத்து, துணியில் கட்டி அலமாரியில் பூட்டி வைத்துவிடலாம். எடை அதிகம்; மாவோடு தூக்கும்போது முதியவர்கள் தனியாகத் தூக்கக் கூடாது.

கிரைண்டரை வாங்கியதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாத இடம் பெருங்காயம். கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோந்தோடு கோதுமை மாவோ மைதாவோ சேர்க்கப்பட்டிருப்பது மிகவும் இயல்பு. டப்பாவின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானங்களைப் படித்து, அரிசி மாவு சேர்த்ததையே தேட வேண்டும். வடையையும் முறுக்கையும் இவ்வளவு பாடுபட்டு அரைத்துவிட்டு ஒரு சிட்டிகைப் பெருங்காயத்தில் கெடுத்துக்கொள்வது வேதனை. எண்ணெயும் அவ்வாறே: பாதுஷாவோ சோமாசோ பொரித்த எண்ணெயில் இவற்றைப் பொரிக்கக் கூடாது.

எல்லா நோம்பிக்கும் இந்தக் கிரைண்டர் தேவைப்படாது என்பதையும் வாங்க நினைப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும். பொங்கலுக்குப் புத்தரிசி, பாசிப்பருப்பு, வெல்லம். ஆடி முதல் நாளில் நெருப்பில் சுடும் தேங்காய்க்குள் பச்சைப்பயறு, எள், அவல், வெல்லம். அன்றாடம் அரிசிம்பருப்புச் சாதம், கம்பஞ்சோறு, ராகிக் களி. இவற்றில் இயல்பாகவே குளூட்டன் இல்லை. கம்பையும் ராகியையும் மாவாக வாங்காமல் முழுத் தானியமாக வாங்கி, கோதுமை மணி கலந்திருக்கிறதா என்று முறத்தில் பார்த்துக்கொள்வது மட்டுமே வேலை. மாரியம்மனுக்கு எடுக்கும் மாவிளக்குக்குப் பச்சரிசி மாவை உரலில் இடிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அப்படிக் கோதுமை படாத உரலில் இடித்த மாவாக இருந்தால், பூசை முடிந்து பிரிக்கும் மாவிளக்கைக் குழந்தைக்கும் தயங்காமல் கொடுக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை தீபாவளிக்கு மட்டும் உறவு கூடும் சிறு குடும்பத்தினர், சந்தகை அச்சு ஒன்றையும் புதிய மிக்சி ஜார் ஒன்றையும் தனியே ஒதுக்கி வைத்தே சமாளித்துக்கொள்ளலாம். மாதந்தோறும் விருந்தும் நோம்பியும் வரும் பெரிய வீட்டுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

பராமரிப்பைப் பொறுத்தவரை, கொங்கு மண்டலத்தில் சிறு ஊர்களிலும் பெல்ட், உருளைக் கல்லின் ஆணி (பின்), வழிப்பான் ஆகியவை கிடைப்பது பெரிய ஆறுதல். தீபாவளி நெருங்க நெருங்கப் பழுது பார்க்கும் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடுவதால், ஐப்பசி பிறக்கும் முன்பே பெல்ட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். கடைக்கு மோட்டார் உள்ள அடிப்பாகத்தை மட்டும் கொடுத்து, பாத்திரத்தையும் கற்களையும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்ப்பதற்காக யாரேனும் அவற்றில் வேறு மாவை ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பை அது தவிர்க்கிறது.