5 கிகாஹேர்ட்ஸ் படத்தைக் காட்டினால் காசை எடுத்துக் குடுத்திராதீங்க

மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடி, கல்முனைப் பக்கம் கம்பியூட்டர் சர்வீஸுக்குக் குடுக்கிற ஆக்களுக்காக இதை எழுதுறன். கடையின்ட பேர் போடமாட்டன். என்ன செய்தார்கள், எந்த நம்பரைப் போட்டார்கள் என்று தெரிந்தால் போதும். எந்தக் கடையில் இதே கதை சொன்னாலும் உங்களுக்கு விளங்கும்.

எனக்கு வேலை வீடியோ எடிட்டிங். கலியாண வீடு, சாமத்தியச் சடங்கு, வைகாசி வந்தால் கண்ணகி அம்மன் கோயில் சடங்கு. வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு கதிரை, இன்டெல் ஐ7-8700கே சிப் போட்ட மெஷின். 6 கோர், இசட்370 போர்டு, மேலே ஹைப்பர் 212 கூலர். பழசுதான், ஆனால் சோறு போட்ட மெஷின். போன வைகாசிக்குக் கொஞ்சம் முதல் ஃபேன் இரைச்சல் கூடிப்போச்சு, ரெண்டர் நேரத்தில், அதாவது எடிட் பண்ணின வீடியோவை முழு ஃபைலாக்கி எடுக்கிற நேரம், சிப்பின்ட வெப்பம் 88 டிகிரி காட்டுது. தூசி தட்டி, சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் பூசுற பேஸ்டை மாற்றினால் சரிவரும் என்று டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்திட்டுச் சொன்னார்: "தங்கச்சி, இது கே சிப். இத இப்பிடிச் சும்மா ஓட விடுறது பாவம். 5 கிகாஹேர்ட்ஸுக்கு ஏத்தித் தாறன், ரெண்டர் எல்லாம் பறக்கும்."

அதில் பொய் இல்லை. கே என்று முடிகிற சிப்பை இசட் போர்டில் போட்டால் வேகத்தைக் கூட்டலாம், அதுக்கென்றே விற்கிறது. ஓவர்க்ளொக் என்பது இதைத்தான். சர்வீஸும் ஸ்பீடும் சேர்த்து 14,500 ரூபாய் என்றார். நான் ஓம் என்றேன். அடுத்த நாள் பின்னேரம் போனபோது ஸ்கிரீனில் சிப்பின்ட வேகத்தைக் காட்டுற சிபியு-இசட் மென்பொருள் திறந்திருந்தது: 5000 மெகாஹேர்ட்ஸ் சொச்சம், அதாவது 5 கிகாஹேர்ட்ஸ். அதைப் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பியும் விட்டார். நானும் அதைப் பெருமையாக ஸ்டேட்டஸில் போட்டேன். இப்ப நினைக்க வெட்கமாகக் கிடக்கு. அந்த நேரம் மெஷின் ஒரு வேலையும் செய்யவில்லை. சும்மா நிற்கிற மோட்டார் சைக்கிளில் அக்சிலேட்டரை முறுக்கிக் காட்டுற மாதிரித்தான் அது.

வீட்டுக்கு வந்து முதல் ரெண்டரிலேயே மெஷின் நின்றுபோய் நீலத் திரை. ரெண்டாம் தரமும் அதேதான். திரும்பக் கொண்டுபோனேன். பத்து நிமிசத்தில் உள்ளுக்கு என்னவோ செய்துபோட்டு, "வோல்ட் கொஞ்சம் காணாமக் கிடந்தது. இப்ப சரி. மறுகா வராது" என்றார். இந்தத் தரம் பில் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

நீலத் திரை நின்றதுதான். ஆனால் திருக்குளிர்த்தி வீடியோவை ரெண்டர் போட்ட இரவு, முன்னறை அடுப்பங்கரை மாதிரி. கச்சான் காற்று வீசுற காலம், வீட்டுக்குள் 33 டிகிரி, மேசைக்குக் கீழே இருந்து வாற சூடு காலில் படுது. வெப்பம் பார்க்கிற மென்பொருளைத் திறந்தால் 100, 99, 100, 100. வேகம் 5.0 இல்லை, 4.1, 4.0 என்று விழுந்து எழும்பிக்கொண்டு நிற்குது. 63 சதவீதத்தில் பார் அசையாமல் கிடக்கு. ஸ்கிரீனில் அம்மனுக்குக் குளிர்த்தி பாடுறார்கள், கீழே என்ர சிப் வேகுது. அந்த வீடியோவுக்கு எடுத்த நேரம் 42 நிமிசம். கடைக்குக் கொண்டுபோக முதல் அதே நீள வீடியோ 40 நிமிசம்.

அதாவது காசு குடுத்து மெஷினை மெதுவாக்கியிருக்கிறேன்.

கணக்கைப் பின்னாடிதான் போட்டேன். இந்தச் சிப் எல்லாக் கோரும் சேர்ந்து வேலை செய்யும்போது கம்பனி வேகமே 4.3 கிகாஹேர்ட்ஸ். 5.0 என்றால் கூடுறது 16 சதவீதம். எல்லாம் சரியாக நடந்தாலும் 40 நிமிசம் 34, 35 ஆகும், அவ்வளவுதான். அந்த ஆறு நிமிசத்துக்கு என்ன விலை? முந்தி என்ர சிப் முழு வேலையில் கேட்டது 1.2 வோல்ட் அளவில். அவர் போட்டு வைத்திருந்தது 1.45. கரண்ட் இழுவை வேகத்தோடு நேராகக் கூடும், வோல்ட்டோடு வர்க்கமாகக் கூடும். 1.45ஐ 1.2ஆல் பிரித்து வர்க்கம் எடுத்தால் 1.46, அதை வேகக் கூடுதலோடு பெருக்கினால் 1.7. முந்தினதைவிட 70 சதவீதம் கூடுதல் சூடு, அதே கூலர், அதே முன்னறை. இந்த ஹைப்பர் 212 பாவம் என்ன செய்யும்.

திரும்பப் போய் 100 காட்டுது என்றேன். அவர் சிரித்தார். "தங்கச்சி, 100 எண்டுறது கம்பனியே போட்ட லிமிட். அதுக்குள்ளதானே நிக்குது? வோல்ட்டும் அப்பிடித்தான், இன்டெல்லே 1.52 வரைக்கும் எண்டு எழுதியிருக்கான். பாருங்க" என்று போனில் ஒரு தாளையும் காட்டினார். இந்த இடத்தில்தான் நான் ஏமாந்தது. இரண்டு நம்பரும் உண்மை, சொன்ன அர்த்தம்தான் பிழை.

100 டிகிரி என்பது சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கத் தொடங்குற எல்லை. நாள் முழுக்க ஓடுற அளவு இல்லை. பாலத்தில் "அதிகபட்சம் இத்தனை தொன்" என்று போர்ட் கிடந்தால், அத்தனை தொன்னை ஏற்றிக்கொண்டு இரவும் பகலும் அதில் நில்லு என்றா அர்த்தம்? ரெண்டர் மாதிரி மணிக்கணக்கான வேலைக்கு 80, 85க்குள் வைத்துக்கொள்ளத்தான் விசயம் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். அதோடு, வீடியோக்களில் வெளிநாட்டுப் பொடியன்கள் காட்டுற வெப்பம் 21, 22 டிகிரி அறையில் எடுத்தது. நம்மட அறை 33 என்றால், அந்த நம்பரோடு ஒரு 11ஐக் கூட்டித்தான் நம்மட வீட்டுக் கணக்கைப் பார்க்க வேணும். ஏசி இல்லாத வீட்டில் இதைச் சொல்லாமல் ஓவர்க்ளொக் செய்து குடுக்கிறது வேலை தெரியாத வேலை.

1.52 கதை இன்னும் மோசம். அந்த எண், சிப் போர்டிடம் கேட்கக்கூடிய வோல்ட்டின் மேல் எல்லை. வேலை கூடி கரண்ட் இழுக்கும்போது வோல்ட் தானாகக் கொஞ்சம் இறங்க வேணும் என்றுதான் அதன் வடிவமைப்பே. நம்ம ஆள் செய்தது என்ன? பயோஸில், அதாவது மெஷின் தொடங்கும்போது உள்ளுக்குப் போய் மாற்றுற போர்டின்ட செட்டிங்கில், வோல்ட்டை மெனுவலில் 1.45 என்று பூட்டி, அந்த இறக்கத்தைத் தடுக்கிற லோட் லைன் செட்டிங்கைக் கடைசிப் படிக்கு ஏற்றிவிட்டிருக்கிறார். முழுச் சுமையிலும் அந்த 1.45 இறங்குறதில்லை, சும்மா மெயில் பார்க்கும்போதும் அதே 1.45. இந்தச் சிப்பைத் தினம் பாவிக்கிறவர்கள் 1.35 பக்கம் நிறுத்துவார்கள், மிக நல்ல கூலர் இருந்தால் 1.4. அதுக்கு மேல் போனால் ஒரே நாளில் எரியாது, அதுதான் ஆபத்து. கூடின வோல்ட்டும் சூடும் சேர்ந்தால் உள்ளே இருக்கிற மெல்லிய கம்பித் தடங்களில் உலோக அணுக்கள் நகரத் தொடங்கும், டிரான்சிஸ்டரின் காப்புப் படலம் பழுதாகும். வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது.

இதெல்லாம் எனக்கு அப்போ தெரியாது. ஆவணிக் கலியாணங்கள் வரிசையாக வந்தன, மெஷினை அப்படியே ஓட்டினேன். ஆவணி முடியமுதல் நீலத் திரை திரும்பி வந்தது. வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கிற சின்னம்மாட மகன் ஒரு ஞாயிறு வந்து பயோஸைத் திறந்து பார்த்தான். பார்த்தவன் கதைக்கவே இல்லை, கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். மறுகா, "அக்கா, இத ஆரு செய்தது?" என்றான்.

எல்லாவற்றையும் பழையபடி டிஃபோல்ட்டுக்குக் கொண்டுவந்தான். 4.3 கிகாஹேர்ட்ஸ், முந்தி வருசக்கணக்காக ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடிய அதே செட்டிங். பத்து நிமிசத்தில் நீலத் திரை. 1.2இல் ஓடின சிப்புக்கு இப்போ அதே வேகத்துக்கு 1.3 தேவைப்படுது. கூலரைக் கழற்றினால் இன்னொரு அதிசயம்: பழைய பேஸ்ட் ஓரத்தில் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கிடக்கு, நடுவில் மட்டும் புதுசு ஒரு பொட்டு. நான் முதன்முதல் கேட்டுப்போன வேலையே அதுதான்.

ஏஎம்டி கம்பனியின்ட ரைசன் சிப் வைத்திருக்கிறவர்கள் இந்த நம்பர்களை அப்படியே எடுக்காதீங்க. சும்மா நிற்கும்போது 1.45 காட்டுறது அதில் சாதாரணம், வேலை கூடினால் அது தானே இறக்கிக்கொள்ளும். அதே 1.45ஐ மெனுவலில் பூட்டினால்தான் கேடு. இன்டெல் 13, 14ஆம் தலைமுறைக்காரர்கள் ஓவர்க்ளொக் செய்யாவிட்டாலும் பயோஸை அப்டேட் பண்ணுங்க. சிப் தானாகவே அளவுக்கு மிஞ்சி வோல்ட் கேட்டுப் பழுதாகி, 2024 ஆகஸ்டில் அதை 1.55க்குள் கட்டுப்படுத்துற திருத்தத்தை இன்டெல்லே வெளியிட வேண்டி வந்தது.

கடையில் குடுக்க முதல் பயோஸ் பக்கங்களைப் போனில் படம் எடுத்து வைங்க. எடுக்கப் போகும்போது சிபியு-இசட் படம் வேண்டாம் என்று சொல்லி, உங்கட சொந்த வேலையையே அரை மணித்தியாலம் அங்கேயே ஓட்டச் சொல்லுங்க. அது ஓடும்போது வோல்ட்டும் வெப்பமும் வேகமும் ஒரே ஸ்கிரீனில் தெரிய வேணும். கடையில் ஏசி ஓடுதா என்றும் பாருங்க. பில்லில் "சர்வீஸ்" என்று ஒற்றைச் சொல் போதாது. என்ர பில்லில் அதுதான் கிடக்கு, கீழே "வாரண்டி இல்லை" என்று ஒரு சீல்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதலாம் என்று தம்பி சொன்னான். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சேவை பெற்ற நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு குடுக்க வேணும். பில்லை எடுத்து விரல்விட்டு எண்ணினேன். மூன்று மாதமும் 19 நாளும்.

கடைக்காரரிடம் கடைசியாக ஒருக்கால் போனேன். கரண்ட் ஏறி இறங்குறதால் வந்திருக்கும், யுபிஎஸ் ஒன்று எடுங்க என்றார். எடுக்கவில்லை. கடன்பட்டு வேறு சிப்பும் போர்டும் வாங்கினேன்.

போன கிழமை அவரே போன் எடுத்தார். "தங்கச்சி, அந்தப் பழைய 8700கே சும்மாதானே கிடக்கு? 8,000 தாறன், கொண்டு வாங்க. ஒரு தம்பிக்கு கேமிங் மெஷின் ஒண்டு பூட்ட வேணும்."

குடுக்கல்ல. மேசை லாச்சிக்குள்ள கிடக்கு.