சூரியன் சாய்ந்த பிறகு: பேட்டரியா, நீரேற்று மின்திட்டமா?

உலகம் பயன்படுத்தும் ஆற்றலில் ஏறக்குறைய 80 சதவீதம் இன்னும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுதான். சோலார் தகடுகளின் விலை எப்போதோ இறங்கிவிட்டது. சிக்கல் நேரத்தில் இருக்கிறது. நிலக்கரியைக் குவித்து வைத்து வேண்டும்போது எரிக்கலாம். நண்பகல் வெயிலை அப்படி எடுத்துவைக்க முடியாது.

எடுத்துவைக்கப் பெரிய அளவில் கைவசம் இருப்பவை இரண்டு: பேட்டரியும் நீரேற்று மின்திட்டமும். ஆஸ்திரேலியா 2017-இல் இரண்டிலும் இறங்கியது. ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் லித்தியம் பேட்டரி நிலையம் ஒப்பந்தம் உறுதியான 100 நாட்களுக்குள் தயார். அதே ஆண்டு அறிவித்த ஸ்னோயி 2.0, இரண்டு நீர்த்தேக்கங்களைச் சுரங்கத்தால் இணைக்கும் திட்டம்: மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். அங்கே சுரங்கம் தோண்டும் இயந்திரம் ஒன்று இளகிய மண்ணில் மாதக்கணக்கில் சிக்கிக்கொண்டது. 200 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று தொடங்கிய மதிப்பீடு 2023-இல் 1,200 கோடி ஆனது. முடிவதும் 2028 இறுதிக்குப் போனது.

சரி, பேட்டரிதான் ஜெயித்தது என்று முடித்துவிடலாமா? கொள்ளளவைப் பாருங்கள். ஹார்ன்ஸ்டேல் திறந்தபோது அதில் இருந்தது 129 மெகாவாட் மணி (ஒரு மெகாவாட்டை ஒரு மணி நேரம் தந்தால் அது ஒரு மெகாவாட் மணி). முழு வேகத்தில் ஓடினால் ஒன்றேகால் மணி நேரம். ஸ்னோயி 2.0-வின் இலக்கோ 3,50,000 மெகாவாட் மணி. 2,200 மெகாவாட்டை ஆறு நாளுக்கு மேல் இடைவிடாமல் தரும்.

மின்சாரத்தைச் சேமித்துத் திரும்ப எடுப்பதில் ஆகும் இழப்பு பேட்டரியில் குறைவு. ஆனால் அதன் ஆயுள் பத்து இருபது ஆண்டுகள். அணைக்கோ பல தலைமுறை. பேட்டரியில் தீ விபத்து பயம் உண்டு, அணைக்கு ஏற்ற மலை எல்லா இடத்திலும் கிடையாது.

மாலை நேரத் தேவைக்கு நான் தயங்காமல் பேட்டரியைத்தான் சொல்வேன். கலிபோர்னியாவில் 2024 ஏப்ரலில் ஒரு மாலை, சிறிது நேரம் மின்கட்டமைப்புக்கு மிக அதிக மின்சாரம் தந்ததே பேட்டரிகள்தான். ஆனால் ஜெர்மனியின் குளிர்காலத்தில் வெயிலும் காற்றும் சேர்ந்து நாள்கணக்கில் படுத்துவிடுகிறபோது முழு வேகத்தில் நான்கு மணி நேரம் மட்டும் ஓடும் பேட்டரி எந்த மூலைக்கு? அதற்குத் தண்ணீர்தான் வேண்டும். மலையும் பள்ளத்தாக்கும் இருக்கிற நாடுகள், கட்டிமுடிக்கப் பத்து ஆண்டு ஆகும் என்பதாலேயே, இப்போதே வேலையைத் தொடங்க வேண்டும். அதுவரை எரிவாயு மின்நிலையங்களை இடிக்காமல், ஓடும் நேரத்தை மட்டும் குறைத்துக்கொண்டே வருவதுதான் சரி என்று நினைக்கிறேன்.